ஓடாத காரின் மைல்கள்

அந்தக் காரில் இருந்து நான் கழற்றிய திருகாணிகள் அறுநூற்றுப் பதினேழு. எல்லாவற்றையும் கழுவிய தயிர்க் கிண்ணங்களில் போட்டு, எந்த இடத்து ஆணி என்று துண்டு எழுதி ஒட்டி வைத்தேன். கராஜின் வலதுபக்கத் தட்டில் ஐம்பத்துமூன்று கிண்ணங்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நான் எதையும் கவனமில்லாமல் செய்கிறவன் அல்ல. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எனக்கு எழுபத்தொரு வயது. லண்டனின் தெற்கே சட்டனில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக் களஞ்சியம் ஒன்றில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தேன். கையுறைப் பெட்டி, ஊசிப் பெட்டி, பஞ்சுச் சுருள் என்று எண்ணி எடுத்து எண்ணிக் கொடுப்பது. ஓய்வு பெற்ற பிறகு எண்ண ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. மாடிப்படிகள் பதின்மூன்று, ரயில் நிலையத்துக்கு ஆயிரத்து நூற்று நாற்பது அடி என்று வீட்டிலும் தெருவிலும் எண்ணிக்கொண்டு திரிந்தேன்.

"ஏதாவது ஒரு வேலையைப் பிடியுங்கோ. இல்லாட்டி என்ர தலைமயிரையும் எண்ணத் தொடங்கிவிடுவீங்கள்" என்றாள் மனைவி.

அப்படித்தான் கிட் கார் ஒன்று வாங்கினேன். பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வரும் கார் அது. இரும்புச் சட்டம், அலுமினியத் தகடுகள், இரண்டு இருக்கைகள், முன்மூக்கு எல்லாம் வரும். என்ஜின் வராது. கியர்ப் பெட்டி, பின் அச்சு, ஸ்டியரிங், டயர் பூட்டிய சில்லுகள் எதுவும் வராது. அவற்றையெல்லாம் ஒரு பழைய காரில் இருந்து கழற்றி எடுக்க வேண்டும். அந்தப் பழைய காரை டோனர் கார் என்பார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க வருகிறவரையும் டோனர் என்றுதான் சொல்வோம். அவர் தேநீரும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். டோனர் கார் வீட்டுக்குப் போவதில்லை. எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு மிஞ்சும் வெறுங்கூட்டை எப்படியாவது அப்புறப்படுத்த வேண்டும்.

"கூரை இல்லாத காரோ? இந்த நாட்டிலயோ? மழைக்குக் குடையைப் பிடிச்சுக்கொண்டு ஓட்டப் போறீங்களோ?" என்று கேட்டாள். அவளுக்குக் கூரை கவலை. எனக்கு டோனர் கவலை. என்ஜின் பின்சில்லுகளைச் சுழற்றி ஓடும் கார்தான் பொருந்தும் என்று குறிப்பில் இருந்தது. அப்படிப்பட்ட கார் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இருந்தது.

அவர் லண்டனின் கிழக்கே மனோர் பார்க்கில் இருக்கிறார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அங்கே ஓர் அறையில் நாலு வருடம் இருவரும் ஒன்றாக இருந்தோம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை ஐசே என்பார். இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டினவர். அவரிடம் கருஞ்சிவப்பு நிறத்தில் பழைய ஜெர்மன் கார் ஒன்று இருந்தது. பெட்ரோல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் மைல் எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது இந்த ஒரு குணம்தான்.

சென்ற வருடம் அவருக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. "முகம் முழுக்கப் புகையாக் கிடக்கு ஐசே. காது மட்டும்தான் தெரியுது. உம்மட காது பெரிசு எண்டபடியால் ஆளைக் கண்டுபிடிக்கிறன்" என்று சிரித்தார். லைசென்சைத் திருப்பி அனுப்பிவிட்டார். கார் வாசலில் நின்றது.

"அண்ணை, காரை என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டேன். விலைக்குக் கேட்டு, கழற்றத்தான் என்று விளக்கமாகச் சொல்லும் எண்ணத்துடன்தான் கேட்டேன்.

"விக்க மனமில்லை. தெரியாதவன் கொண்டுபோய் அடிச்சு நொருக்கிப்போடுவான். நீர் எடும். நீர் பதினைஞ்சு மைலுக்கு ஒருக்கா நிப்பாட்டி டயரைத் தட்டிப் பாக்கிற ஆள். உம்மட்டை எண்டால் கார் பிழைச்சுக்கொள்ளும்."

"எவ்வளவு அண்ணை?"

"உமக்கென்ன விசரே? ஒரு கோப்பையில சாப்பிட்டனாங்கள். காசைப் பற்றிக் கதைக்காதையும். முதல்ல கோயிலில ஒரு பூசை செய்வம். கை மாறினால் பழைய வாகனமும் புது வாகனம்தான்."

அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பூசை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

மனோர் பார்க் கோயில் வாசலில், ஒரு வெள்ளிக்கிழமை, கார் மாலையோடு நின்றது. ஐயர் என்ஜின் மூடியான பொனற்றில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். என் பெயரும் நட்சத்திரமும் கேட்டு அர்ச்சனை செய்தார். அண்ணை தானே குனிந்து, கையால் தடவித் தடவி, நாலு சில்லுக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். என் கராஜில் அந்த நாலு சில்லும் கழன்ற பிறகு காரைத் தூக்கி வைக்க நாலு இரும்புத் தாங்கிகள் அதற்கு முதல் வாரமே வாங்கி வைத்திருந்தேன். நான் காரை மெல்ல முன்னால் நகர்த்தினேன். பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்கும்வரை அண்ணை காதைச் சரித்துக்கொண்டு நின்றார். நாலு சத்தமும் கேட்ட பிறகு கையைத் தலைக்கு மேல் கூப்பினார்.

"நூறாயிரம் மைல் இன்னும் ஓட வேணுமெண்டு கேட்டிருக்கிறன்" என்றார்.

பூசை செய்த காரை உடைக்கப் போகிறேன் என்று கோயில் வாசலில் நின்று எப்படிச் சொல்வது? அந்தப் பூசைக்கு நான் ஒப்பியிருக்கவே கூடாது.

காரின் பதிவுப் புத்தகத்தைக் கையில் தந்தபோது இன்னொன்றும் சொன்னார். "பேரை உடனே மாத்த வேண்டாம் ஐசே. தைப்பொங்கல் மட்டும் என்ர பேரில இருக்கட்டும். என்ர பேரில ஒரு கார் ரோட்டில நிக்குது எண்டு ஒரு நினைப்பு." நான் ஓம் என்றேன்.

முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. "எத்தினை மைல் இப்ப? சொல்லும், அக்கா கொப்பியோட நிக்கிறா." அக்கா என்று நான் கூப்பிடுவது அவருடைய மனைவியை. கார் அப்போது முழுதாக என் வாசலில் நின்றது. போய்ப் பார்த்து, ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபத்திரண்டு என்றேன். அது உண்மையான எண். நான் அவருக்குச் சொன்ன கடைசி உண்மையான எண்ணும் அதுதான்.

அடுத்த நாள் கழற்றத் தொடங்கினேன்.

இரண்டாம் ஞாயிறு மணி அடித்தபோது மைல் காட்டும் அந்தக் கடிகாரம் கராஜ் தட்டில் கிடந்தது. "எங்கயும் போனீரோ?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். "சவுத்தாலுக்கு மரக்கறி வாங்கப் போனனாங்கள்" என்று வாயில் வந்துவிட்டது. போகப் பதினேழு, வரப் பதினேழு. முப்பத்துநாலைக் கூட்டிச் சொன்னேன். அக்கா எழுதும் பேனாச் சத்தம்கூட எனக்குக் கேட்டது போல் இருந்தது.

பொய் சொல்வதிலும் நான் கவனமாகத்தான் இருந்தேன். சனிக்கிழமைகளில் வரைபடத்தை விரித்து, எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று பார்த்துக் குறித்து வைப்பேன். ஒரே வாரத்தில் அதிகத் தூரம் போகமாட்டேன். மழை பெய்த வாரம் குறைத்துச் சொல்வேன். மனைவி சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் மரக்கறி வெட்டும் கத்தியோடு வந்து நின்று, "நானும் உங்களோட ஊரெல்லாம் சுத்துறன்போல. கால் மட்டும் வீட்டை விட்டு அசையேல்லை. சொல்லித் துலையுங்கோ அவருக்கு" என்றாள்.

பொங்கல் வந்தது, போனது. பெயரை மாற்ற வேண்டுமானால் காரைப் பற்றிப் பேச வேண்டும். அதனால் பேசவில்லை. ஐந்து நிமிட வேலை. புத்தகம் மேசை லாச்சியில் அவர் பெயரோடே கிடந்தது.

மாசி முடிய எல்லாம் கழன்றுவிட்டது. என்ஜின் புதிய சட்டத்துக்குள் ஏறியது. மிஞ்சிய கூட்டைக் கராஜில் வைக்க இடமில்லாததால் வாடகைத் தள்ளுவண்டியில் முன்வாசலுக்குக் கொண்டுவந்து, தாங்கிகள்மேல் ஏற்றி நீலத் தார்ப்பாய் போர்த்தி வைத்தேன். சில்லு இல்லாததால் ஓர் அங்குலமும் உருட்ட முடியாது. அறுபத்துநாலு நாள் அது அங்கேயே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. கவுன்சிலில் இருந்து, இது கைவிடப்பட்ட வாகனமா என்று கேட்டு ஓர் அட்டை கதவுக்குள் விழுந்தது. பழைய கார் எடுக்கும் இடங்களுக்குப் பேசினேன். என்ஜின் இல்லையா, புகைக்குழாய் இல்லையா, சில்லும் இல்லையா, அப்படியென்றால் அது கார் இல்லையே என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடம் கிரேன் பூட்டிய லொறி அனுப்புவதாக ஒப்புக்கொண்டது.

லொறி வருவதற்கு முன் வந்த ஞாயிறு, பிரைட்டன் கடற்கரைக்குப் போய்வந்ததாக அண்ணையிடம் சொன்னேன். எண்பத்தாறு மைல்.

"கடல் எப்பிடி?"

"எல்லாம் கல்லு அண்ணை. மணல் இல்லை."

"உப்புக் காத்துக் காருக்குக் கூடாது. வந்து கழுவினீரோ?"

"கழுவினனான்."

செவ்வாய்க்கிழமை லொறி வந்தது. டிரைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், மரியாதையான ஆள். ஜன்னல்களுக்குள்ளால் இரண்டு பட்டைகளை விட்டுக் கட்டினார். தார்ப்பாயை இழுத்தபோது பொனற்றில் சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடமும் நடுவில் குங்குமக் கறையும் தெரிந்தன. விரலால் தொட்டுப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

துரு என்றேன்.

கூடு மேலே எழுந்தபோது பின்கதவு ஒன்று தானாகத் திறந்து ஆடியது. டிரைவர் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, பெயர் உங்களுடையதா என்றார். நண்பருடையது, அவர் எனக்குத் தந்துவிட்டார் என்றேன். தலையாட்டினார். முறைப்படி அழித்ததற்கான கடிதம் தபாலில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலைக் கூட்டிக் கழுவினேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

கடிதத்துக்குக் காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் தபால் விழுந்ததும் போய்ப் பார்த்தேன். ஒன்பது நாள் வரவில்லை. நடுவில் வந்த ஞாயிறு, எங்கும் போகவில்லை என்று அண்ணையிடம் சொன்னேன். பத்தாம் நாள், அது வியாழக்கிழமை, தொலைபேசி அடித்தது.

"ஐசே, கார் எங்க நிக்குது?"

"ஏன் அண்ணை?"

"கேள்வி கேக்காமல் ஜன்னலால எட்டிப் பாரும். நிக்குதோ?"

எட்டிப் பார்த்தேன். எண்ணெய்க் கறையும், தாங்கிகள் அழுத்திய நாலு பள்ளங்களும் தெரிந்தன. "நிக்கேல்லை" என்றேன்.

"நான் நினைச்சன்! களவெடுத்துப்போட்டாங்கள் ஐசே! எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு, அக்கா இப்பதான் வாசிச்சவ. உங்கட வாகனம் முறைப்படி அழிக்கப்பட்டது எண்டு என்ர பேருக்கு எழுதியிருக்கிறாங்கள். ஆரோ தூக்கிக்கொண்டுபோய் இரும்புக்கு வித்துப்போட்டாங்கள். உமக்கு நெஞ்சு கிஞ்சு நோகேல்லையே? முதல்ல இரும். இருந்து தண்ணி குடியும்."

கதிரையில் இருந்தேன். அறுநூற்றுப் பதினேழு ஆணியையும் எண்ணின நான், கடிதம் யாருடைய விலாசத்துக்குப் போகும் என்று ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை. அவரோ என் நெஞ்சைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் நேர வாறன் அண்ணை" என்றேன்.

மனைவி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "களவு எண்டு அவரே உங்களுக்கு வழி காட்டித் தந்திட்டார். அதால போகப் போறீங்களோ?" என்றாள். அந்த வழியால் போகலாம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கராஜ் தட்டில் இருந்த மைல் கடிகாரத்தைப் பழைய துவாயில் சுற்றிக் கடைப்பையில் வைத்தேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெளிவில்லை. பரிங்டனில் மாறினால் மனோர் பார்க் ஆறாவது நிலையம். முதல் மூன்று நிலையத்துக்கும் களவு என்றே சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். யாருக்கும் நட்டமில்லை, அவர் மனம் நோகாது, நட்பும் போகாது. மிச்ச மூன்றுக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் நினைக்காமல் இருந்தேன்.

அண்ணை வெளிக்கிட்டு நின்றார். இஸ்திரி போட்ட சேர்ட், சப்பாத்து, கையில் கடிதம். கக்கத்தில் மைல் கொப்பி.

"வாரும், பொலிசுக்குப் போவம். நான் சாட்சி. கடைசியா எத்தினை மைலில காணாமல் போனதெண்டுகூட என்னட்டை எழுத்தில கிடக்கு. ஒருத்தனும் இல்லையெண்ட ஏலாது."

அந்தக் கொப்பியில் என் முப்பத்தொரு பொய்கள் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு, கண் தெரியாத மனிதர் பொலிஸ் மேசைக்கு முன்னால் நின்று எனக்காகச் சத்தியம் செய்யப் போகிறார். நான் உண்மையைச் சொன்னேன்தான். ஆனால் நேர்மையால் சொல்லவில்லை, பொலிசுக்குப் பயந்து சொன்னேன்.

"களவில்லை அண்ணை."

"பின்னை?"

"நான்தான் குடுத்தனான். கார் நொருக்கிறவங்களுக்கு."

"ஓடுற காரையோ?"

"அது ஓடேல்லை அண்ணை. பூசை முடிஞ்சு கொண்டு வந்த மற்றக் கிழமையே கழட்டிப்போட்டன். வேற கார் ஒண்டு கட்டுறன், அதுக்கு என்ஜின் தேவைப்பட்டது."

அக்கா சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தா. அதை நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றா. நான் துவாயை விரித்துக் கடிகாரத்தை அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நம்பரை வாசியும்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா வாசித்தா. "கொப்பியில எந்தத் திகதி?" "முதல் ஞாயிறு." "அதுக்கு அடுத்தது?"

"சவுத்தால். முப்பத்துநாலு மைல்."

"போனீரோ ஐசே?"

"இல்லை அண்ணை."

"வெட்டும்" என்றார். அக்கா அடிமட்டம் வைத்து அந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்தா. அடுத்தது. போனீரோ? இல்லை. அடுத்தது. ஆறாவது வரியில் நான், "அண்ணை, போதும், எல்லாம் பொய்தான்" என்றேன்.

"நீர் எண்ணுற ஆள்தானே. எண்ணும்."

முப்பத்தொரு முறை இல்லை என்றேன். கடைசியில் பிரைட்டன் வந்தது. அங்கேதான் சற்று நிறுத்தினார். "கோயிலில எல்லாருக்கும் சொன்னனான், என்ர கார் கடலுக்குப் போட்டு வந்திட்டுதெண்டு. கல்லுக் கடல் எண்டும் சொன்னனான்." பிறகு அதையும் வெட்டச் சொன்னார். ஆயிரத்து இருநூற்று எண்பத்துநாலு மைல் போய்விட்டது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பிடித்தபடி, கூட்டை எப்படித் தூக்கினார்கள் என்று கேட்டார். பட்டையைச் சொன்னேன். கதவு திறந்ததா என்றார். இடதுபக்கப் பின்கதவு என்றேன். "அந்தப் பூட்டு அப்பிடித்தான். பத்து வருசமாத் திருத்த நினைச்சனான்." பிறகு பொனற்றில் குங்குமம் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். துரு என்று நான் சொன்னதையும் சொன்னேன். அதை அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். அன்று நான் பயமில்லாமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

துவாயை எடுத்துக் கடிகாரத்தை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கழட்டப் போறன் எண்டு சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பன் ஐசே. தடவித் தடவி நாலு ஆணி கழட்டியிருப்பன். நான் இஞ்ச சும்மாதானே இருக்கிறன்."

எழுந்தேன். கடிகாரத்தை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. வாசல்வரை அக்காதான் வந்தா. உள்ளே இருந்து அவருடைய குரல் கேட்டது. "பாத்துக் கவனமாப் போங்கோ."

போம் என்றுதான் எப்போதும் சொல்வார். இத்தனை வருடத்தில், வேற்று ஆளுக்குச் சொல்வதுபோல் எனக்குப் போங்கோ என்று சொன்னது அன்றுதான்.

இது நடந்து பதினொரு ஞாயிறு ஆகிறது. பத்து மணிக்குத் தொலைபேசி அடிப்பதில்லை. நான்தான் எடுக்கிறேன். அக்கா, "அவர் குளிக்கிறார் தம்பி" என்கிறா. பதினொரு ஞாயிறும் பத்து மணிக்குக் குளித்துக்கொண்டிருக்கிறார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கவில்லை. அவர் வழக்கமாக விடிய ஆறு மணிக்குக் குளிப்பவர் என்பது, அவரோடு ஒரே அறையில் நாலு வருடம் இருந்த எனக்குத் தெரியும்.

கராஜில் புதிய கார் முக்கால்வாசி முடிந்து நிற்கிறது. இரண்டு மாதமாக அதைத் தொடவில்லை. இடதுபக்க முன்சில்லுக்கு இன்னும் நாலு ஆணி பூட்ட வேண்டும். அவை பத்தொன்பதாம் கிண்ணத்தில் இருக்கின்றன. போன ஞாயிறு அக்காவிடம், "அந்த நாலு ஆணியையும் பூட்ட அண்ணை வருவாரோ எண்டு கேளுங்கோ. ரயில் நிலையத்தில வந்து நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். கேட்டுச் சொல்வதாகச் சொன்னா. கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, ஆணிகளுக்கு எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். இன்று சனிக்கிழமை.